விலையில்லா மிதிவண்டியில் மூன்று கிலோமீட்டர்

மயிலாப்பூரில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். விளையாட்டுக்கும் எனக்கும் உள்ள தொடர்பு, விளையாட்டு விழா அன்று நாற்காலி போட்டு உட்கார்ந்து நேரம் குறிப்பதோடு சரி. சென்ற கல்வியாண்டின் ஜூலை மாதம், பதினோராம் வகுப்பு மாணவர்கள் ஏழு பேர் வந்து, "அண்ணா சைக்கிள் ரேசுக்கு எங்களை யார் மிஸ் கூட்டிட்டுப் போவாங்க?" என்று கேட்டார்கள். உடற்கல்வி ஆசிரியர் மாற்றலாகிப் போய் அந்தப் பணியிடம் காலியாக இருந்த நேரம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணா மிதிவண்டிப் போட்டி நம்மில் பலருக்கும் தெரிந்ததுதான். பேரறிஞர் அண்ணா பிறந்த நாளையொட்டி, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என மூன்று பிரிவுகள். 17 வயதுக்கு உட்பட்ட பிரிவில் மாணவர்களுக்கு 20 கி.மீ., மாணவிகளுக்கு 15 கி.மீ. முதல் மூன்று இடங்களுக்கு 5,000, 3,000, 2,000 ரூபாய். நான்கிலிருந்து பத்தாம் இடம் வரை தலா 250 ரூபாய். எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. இந்தியாவில் தயாரான சாதாரண மிதிவண்டியில்தான் ஓட்ட வேண்டும். கியர் வைத்த வண்டிக்கு இடமில்லை. அதாவது, அரசு தருகிற விலையில்லா மிதிவண்டி போதும். என்னிடம் வந்த ஏழு பேரில் ஐந்து பேர் அண்ணனுக்கோ அக்காவுக்கோ பள்ளியில் கிடைத்த வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, பெற்றோரின் ஒப்புதல் கடிதங்களோடு, கலங்கரை விளக்கத்தை அடுத்துத் தெற்கே போகும் லூப் சாலையில் கூடினோம். பட்டினப்பாக்கம் நோக்கி ஒன்றரைக் கிலோமீட்டர் போய்த் திரும்பி வர வேண்டும். மொத்தம் மூன்று கிலோமீட்டர். அந்த நேரத்தில் அங்கே வலை பிரிப்பவர்கள், நடைப்பயிற்சிக்காரர்கள், நாய்கள் தவிர அதிகம் யாரும் இருக்க மாட்டார்கள். கையில் கைப்பேசி நேரமானி. நான் சொன்ன ஒரே அறிவுரை: "வேகமா போங்க!"

போனார்கள். மிகத் திறமைசாலி என்று எல்லாரும் சொன்ன மாணவன் முதல் ஐந்நூறு மீட்டரை ஒரே நிமிடத்தில் கடந்தான். மணிக்கு 30 கி.மீ. வேகம்! நான் கைதட்டினேன். இரண்டாவது ஐந்நூறு மீட்டருக்கு 68 நொடி. மூன்றாவதற்கு 81. நான்காவதற்கு 94. அதற்குப் பிறகு அவன் வரவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் சாலையோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். முகம் வெளுத்திருந்தது. வெறும் வயிற்றோடு வந்திருந்தான் என்பதைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

திங்கட்கிழமை அவனுடைய அப்பா பள்ளிக்கு வந்தார். ஆட்டோ ஓட்டுபவர். சத்தம் போடவில்லை. "சைக்கிள் ஓட்டத்தான் மிஸ் அனுப்பிச்சேன்" என்று மட்டும் சொன்னார். தலைமை ஆசிரியர் அவரை அனுப்பிவிட்டு என்னிடம், "தெரிஞ்சவங்க இல்லாம இதெல்லாம் வேணாம் மேடம். விட்டுருங்க" என்றார். அவர் சொன்னது நியாயம். வேகத்தையும் திறனையும் கரும்பலகையில் இருபது ஆண்டுகளாக எழுதிப்போடும் நான், பிள்ளைகளைச் சாலையில் நிறுத்தி "வேகமா போங்க" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லத் தெரியாமல் நின்றிருக்கிறேன். ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். அதுவரை யாரையும் முழு வேகத்தில் ஓட்டவிட மாட்டேன் என்று எழுதியே கொடுத்தேன்.

அந்த மாதம் நான் படித்தது முழுக்க இரண்டு வகைப் போட்டிகளைப் பற்றி. ஒன்று டைம் ட்ரையல். சாலையில் ஒவ்வொருவராகப் புறப்பட்டு, குறித்த தொலைவைக் கடக்க ஆன நேரத்தை ஒப்பிடுவது. முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றிலிருந்து தப்பிப்பதற்கு அதில் அனுமதி கிடையாது. மற்றொன்று இண்டிவிஜுவல் பர்சூட், தனிநபர் துரத்தல். வெலோட்ரோம் என்னும் சரிவான ஓடுதளத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருவர் ஒரே நேரத்தில் நின்ற இடத்திலிருந்து கிளம்புவார்கள். ஒருவர் மற்றவரை எட்டிப்பிடித்தால் போட்டி அங்கேயே முடிந்துவிடும். இல்லையென்றால் குறைந்த நேரம் எடுத்தவருக்கு வெற்றி. ஆண்களுக்கு 4 கி.மீ.; பெண்களுக்கு நெடுங்காலம் 3 கி.மீ. என்றிருந்ததை 2025 முதல் 4 கி.மீ. ஆக்கிவிட்டார்கள். 2008 பெய்ஜிங்கோடு ஒலிம்பிக்கில் இது தனிப் போட்டியாக நடப்பது நின்றுபோனாலும் உலகப் போட்டிகளில் இன்றும் நடக்கிறது. வெலோட்ரோம் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காகக் கட்டியது இருக்கிறது. நமக்குப் பக்கத்தில், மேலக்கோட்டையூரில் உள்ள விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்திலும் ஒன்று உண்டு.

இந்த இரண்டிலும் எதிரி கண்முன் இல்லை. அண்ணா போட்டியில் எல்லாரும் ஒன்றாகத்தான் கிளம்புகிறார்கள் என்றாலும், இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டியதும் பெரும்பாலான பிள்ளைகள் தனியாகத்தான் மிதித்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே அவர்களுக்குத் தேவைப்படுவதும் அதே பயிற்சிதான்: தன் வேகத்தைத் தானே அறிவது.

உண்டியலும் தினக்கூலியும்

அந்த மாணவனுக்கு என்ன நடந்தது என்பதை வகுப்பில் இப்படிச் சொன்னேன். உடம்புக்கு இரண்டு வருமானம். ஒன்று தினக்கூலி. மூச்சில் வரும் ஆக்சிஜனைக் கொண்டு தசைகள் தயாரிக்கும் ஆற்றல் அது. நாள் முழுக்க வரும், ஆனால் ஒரு நிமிடத்துக்கு இவ்வளவுதான் என்று அளவு உண்டு. மற்றொன்று உண்டியல். ஆக்சிஜன் இல்லாமலேயே சட்டென்று கிடைக்கும் ஆற்றல். கையை விட்டவுடன் கிடைக்கும், சீக்கிரம் தீரும். கிளம்பிய உடனே தினக்கூலி முழுதாகக் கைக்கு வந்துவிடாது. இதயமும் நுரையீரலும் சூடுபிடித்து முழு அளவுக்கு வர ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அதுவரை உண்டியல்தான் கைகொடுக்கும். நான்கு நிமிடம் நீடிக்கும் கடும் உழைப்பில்கூட ஆற்றலின் பெரும்பகுதி தினக்கூலியிலிருந்துதான் வருகிறது. முதல் நிமிடத்திலேயே உண்டியலைக் கவிழ்த்துக் கொட்டியவன் மிச்சத் தூரத்தைக் கடனில் ஓட்ட வேண்டும்.

இங்கே ஒரு திருத்தமும் செய்துகொண்டேன். தசை வலிக்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது என் வழக்கம். விஷயம் அவ்வளவு எளிதல்ல. லாக்டேட்டை உடல் எரிபொருளாகவும் பயன்படுத்திக்கொள்கிறது. உயிரியல் ஆசிரியரிடம் கேட்டு உறுதி செய்த பிறகு அந்த வரியை விட்டுவிட்டேன்.

காற்று என்ன செய்கிறது என்பது எங்கள் பாடத்தில் வரும் 'வேலை, ஆற்றல் மற்றும் திறன்' அலகுக்குச் சேர்ந்தது. காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும்; அதை எதிர்க்கத் தேவைப்படும் திறனோ மும்மடிக்கு ஏற்ப உயரும். 20 கி.மீ. வேகத்தில் போகிறவன் 24-க்குப் போக வேண்டுமென்றால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. காற்றுக்காகச் செலவிடும் திறன் கிட்டத்தட்ட முக்கால் பங்கு கூடுகிறது. 1.2-ஐ மூன்று முறை பெருக்கிப் பார்க்கச் சொன்னேன். 1.728 என்று விடை வந்ததும் பின் பெஞ்சிலிருந்து "அதான் மிஸ் மூச்சு வாங்குது!" என்று குரல் வந்தது. வாந்தி எடுத்தவன்தான். அவன் சிரித்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனசு கொஞ்சம் லேசானது.

2021 ஆகஸ்டில் அமெரிக்கரான ஆஷ்டன் லாம்பி 4 கி.மீ. துரத்தலை 3 நிமிடம் 59.930 நொடியில் முடித்தார். நான்கு நிமிடத்துக்குள் முடித்த முதல் மனிதர் அவர். 250 மீட்டர் ஓடுதளத்தில் 16 சுற்று, சராசரியாகச் சுற்றுக்கு 15 நொடி. மெக்சிகோவின் அகுவாஸ்காலியென்டெஸ் நகரில், கடல் மட்டத்திலிருந்து வெகு உயரத்தில், காற்று மெலிந்த இடத்தில் அதைச் செய்தார். அடுத்த ஆண்டு இத்தாலியின் பிலிப்போ கன்னா பாரிஸ் அருகே சமவெளியிலேயே 3 நிமிடம் 59.636 நொடியில் முடித்துக் காட்டினார். மாணவர்களை அசத்தியது கணக்கு இல்லை, ஸ்காட்லாந்துக்காரர் கிரேம் ஓப்ரீயின் கதை. தன் மிதிவண்டியைத் தானே செய்துகொண்டவர். அதில் துணி துவைக்கும் எந்திரத்தின் பேரிங்கைப் பொருத்தியவர். 1993 ஜூலை 17 அன்று ஒரு மணி நேரத்தில் 51.596 கி.மீ. ஓட்டி உலக சாதனை படைத்தார். ஆறே நாளில் கிறிஸ் போர்ட்மன் அதை முறியடித்தார். அடுத்த மாதமே உலகப் போட்டியின் தனிநபர் துரத்தலில் ஓப்ரீ தங்கம் வென்றார். கதை முடிந்ததும் மாணவர்கள் கேட்ட ஒரே கேள்வி, "வாஷிங் மெஷின் பேரிங் நம்ம வண்டிக்கு சேருமா மிஸ்?" மந்தைவெளியில் சைக்கிள் பழுதுபார்ப்பவரிடம் இதைச் சொன்னேன். அவர் டயரை அழுத்திப் பார்த்துவிட்டு, "பேரிங் கெடக்கட்டும் மிஸ். முதல்ல காத்து அடிக்கச் சொல்லுங்க" என்றார். ஏழு வண்டியில் ஐந்தில் காற்று பாதிதான் இருந்தது. இரண்டில் சங்கிலி துருப்பிடித்திருந்தது. ஒன்றில் பின் பிரேக்கே இல்லை. பயிற்சியை நாங்கள் தொடங்கியது அங்கிருந்துதான்.

பதினைந்து நொடிக்கு இருபது மிதி

வேகமானி கிடையாது. ஆனால் கியர் இல்லாத வண்டியில் ஒரு பெரிய வசதி உண்டு. ஒரு மிதிக்கு வண்டி எவ்வளவு நகரும் என்பது என்றும் மாறாது. வெலோட்ரோமில் ஓடும் விலையுயர்ந்த வண்டிக்கும் இதே ஒற்றைக் கியர்தான். (அதற்கு பிரேக்கும் கிடையாது. இதை மட்டும் நாங்கள் பின்பற்றவில்லை.)

அலகு ஒன்றில் வரும் அளவீட்டியலை அந்த ஆண்டு பள்ளி முற்றத்தில் நடத்தினேன். காற்று நிரப்பிய பின்சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. தரையிலும் ஒரு கோடு. ஒரு முழுச் சுற்று தள்ளிக்கொண்டு போய் அளந்தால் 2.08 மீட்டர். முன்பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் 18. ஒரு மிதிக்குப் பின்சக்கரம் 2.44 முறை சுற்றும். ஆக, ஒரு மிதிக்கு 5.08 மீட்டர். நிமிடத்துக்கு 80 மிதி என்றால் மணிக்கு ஏறத்தாழ 24.4 கி.மீ. எண்ணுவதற்கு எளிதாக, 15 நொடிக்கு 20 மிதி என்று வைத்துக்கொண்டோம். உங்கள் பள்ளி வண்டியில் பற்களின் எண்ணிக்கை வேறாக இருக்கலாம். பிள்ளைகளையே எண்ணச் சொல்லுங்கள்.

லூப் சாலையில் ஐந்நூறு மீட்டர் குறிகளையும் சக்கரத்தைக் கொண்டே போட்டோம். 240 சுற்றுக்கு 499.2 மீட்டர். இரண்டு குழுக்கள் தனித்தனியாக எண்ணியதில் மூன்று சுற்று வித்தியாசம் வந்தது. யார் சொன்னது சரி என்று அரை மணி நேரம் சண்டை. பிழைகளைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் நான் நடத்திய பாடங்களில், பிள்ளைகள் பிழைக்காகச் சண்டை போட்டது அன்றுதான்.

முதல் மூன்று வாரம் வேகமே கிடையாது. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓட்டக்கூடிய வேகத்தில் நாற்பது நிமிடம். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம் என்று பொருள். பையன்களுக்கு இது அவமானமாக இருந்தது. இந்த நிதானமான ஓட்டம்தான் தினக்கூலியை உயர்த்துகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. நான்காம் வாரத்திலிருந்து வாரம் ஒரு நாள் மட்டும் கடினப் பயிற்சி. ஐந்நூறு மீட்டரைக் குறித்த வேகத்தில், அதாவது 74 நொடியில் கடக்க வேண்டும். பிறகு மூன்று நிமிடம் மெதுவாக உருட்ட வேண்டும். இப்படி நான்கு முறை. விதி ஒன்றுதான்: நான்காவது முறை முதல் முறையைவிட மெதுவாகக் கூடாது. 70 நொடியில் வந்தவனைப் பாராட்டவில்லை. "நாலு நொடி கடன்" என்று நோட்டில் எழுதினேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூன்று கிலோமீட்டர் சோதனை, ஒவ்வொருவராக, ஒரு நிமிட இடைவெளியில். சோதனைக்கு முந்தைய நாள் ஓய்வு. கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு இட்லியோ வாழைப்பழமோ சாப்பிட்டிருக்க வேண்டும். காய்ச்சல், சளி, மூச்சிரைப்பு, நெஞ்சில் வலி என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அன்று வண்டி ஏறக் கூடாது. தலைக்கவசம் இரண்டு கிடைத்தது, மாற்றி மாற்றிப் போட்டோம்.  பின்தொடர்ந்து ஒரு பெற்றோர் இருசக்கர வாகனத்தில் வந்தார். முதல் ஆளாக முன்வந்தவர் அந்த ஆட்டோ ஓட்டுநர் அப்பாதான்.

காற்றையும் கணக்கில் கொண்டோம். பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே போகும்போது முகத்தில் அடிக்கும், திரும்பும்போது தள்ளிவிடும். "போகும்போது விட்டதை வரும்போது பிடிச்சிடலாம் மிஸ்" என்று எல்லாரும் நம்பினார்கள். பிடிக்க முடியாது. போகும்போது 20, வரும்போது 28 என்று ஓட்டினால் சராசரி 24 இல்லையா? இல்லை. ஒன்றரைக் கிலோமீட்டரை 20-ல் கடக்க 4 நிமிடம் 30 நொடி. 28-ல் கடக்க 3 நிமிடம் 13 நொடி. மொத்தம் 7 நிமிடம் 43 நொடி. இரு பக்கமும் 24-ல் ஓட்டினால் 7 நிமிடம் 30 நொடி. மெதுவான பாதியில்தான் அதிக நேரம் கழிகிறது. அதனால் எதிர்காற்றில் சற்றுக் கூடுதலாக உழைத்து, பின்காற்றில் மூச்சு வாங்கிக்கொள்வது நல்லது. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகும் ஒருவன் நம்பவில்லை. ஓட்டிப் பார்த்துத்தான் நம்பினான்.

இந்த ஏழு பேரில் ஒரு மாணவி உண்டு. பட்டினப்பாக்கத்திலிருந்து வருகிறவள். தினமும் பத்து நிமிடம் தாமதமாக வருவாள். முதல் பாடவேளையில் கண் சொருகும். அவளைப் பற்றி என் குறிப்பேட்டில் 'ஆர்வமில்லை' என்று எழுதியிருந்தேன். ஜூலையில் எல்லாரும் பாய்ந்தோடிய அந்த முதல் நாளில் கடைசியாகக் கிளம்பியவள் அவள்தான். நான் அவள் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை. அன்று குறியில் நின்ற மாணவர்கள் எழுதிய நேரங்களை ஆகஸ்டில்தான் உட்கார்ந்து பார்த்தேன். ஐந்நூறு மீட்டருக்கு அவள் எடுத்த நொடிகள்: 82, 80, 80, 79, 80, 78. மொத்தம் 7 நிமிடம் 59 நொடி. ஏழு பேரில் மூன்று கிலோமீட்டரை நிற்காமல் முடித்தவர்கள் நான்கு பேர். அதில் இரண்டாவது அவள்.

கூப்பிட்டு, "யார் சொல்லிக்கொடுத்தாங்க?" என்றேன். தப்பு செய்துவிட்டோமோ என்ற முகத்தோடு நின்றாள். அவளுடைய அம்மா இட்லி மாவு அரைத்து விற்பவர். காலை ஐந்தரையிலிருந்து நாற்பது பாக்கெட் மாவை மந்தைவெளி, ஆர்.ஏ.புரம் வீடுகளுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறாள். "முதல்லயே வேகமா மிதிச்சா ராஜா அண்ணாமலைபுரம் போறதுக்குள்ள கால் வலிக்கும் மிஸ். அப்புறம் ரெண்டாவது மாடி, மூணாவது மாடி ஏற முடியாது." உலகப் போட்டி வீரர்கள் ஆண்டுக்கணக்கில் பழகும் ஒன்றை அவள் மாவு பாக்கெட்டுகளோடு கற்றிருந்தாள். நான் அதைத் தாமதம் என்று மட்டும் குறித்து வைத்திருந்தேன். குறிப்பேட்டில் அந்த வார்த்தையை அடித்தேன். பயிற்சி இருந்த சனிக்கிழமைகளில் மாவை ஏழு மணிக்குக் கொடுத்தால் போதுமா என்று நானே போய் அவள் அம்மாவிடம் கேட்டேன். வகுப்பு நாட்களில் முதல் பத்து நிமிடத்துக்கு முந்தைய நாள் பாடத்தின் மீள்பார்வையை வைத்தேன். அவள் இழப்பது குறைந்தது.

அவளுக்குத் தேவைப்பட்டது நேர்மாறான பயிற்சி. சீராக ஓட்டத் தெரியும், ஆனால் உண்டியலில் கை வைக்கவே பயம். அவளை மட்டும் கடைசி ஐந்நூறு மீட்டரில் எண்ணுவதை விட்டுவிட்டு முடிந்த மட்டும் மிதிக்கச் சொன்னேன். கூடையைக் கழற்றினோம். முழங்கையை மடக்கிக் குனிந்து ஓட்டப் பழகினாள். செப்டம்பர் முதல் வாரச் சோதனையில்: 76, 74, 75, 74, 73, 71. மொத்தம் 7 நிமிடம் 23 நொடி.

போட்டி அன்று கிளம்பும் இடத்திலேயே பெரிய கூட்டம் சிட்டாகப் பறந்தது. எங்கள் பிள்ளைகள் பின்தங்கினார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெற்றோர், "உங்க ஸ்கூலா? கொஞ்சம் மெதுவா இருக்காங்களே" என்று அனுதாபமாகச் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. வயிற்றுக்குள் எனக்கும் அதே பயம்தான். பத்தாவது கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு எத்தனை பேரைக் கடந்தாள் என்று அவளுக்கே எண்ணிக்கை இல்லை. மிதியைத்தான் எண்ணிக்கொண்டிருந்தாளாம். மாணவிகள் பிரிவில் ஒன்பதாவதாக வந்தாள். 250 ரூபாய். ஜூலையில் சாலையோரம் உட்கார்ந்த மாணவன் முதல் பத்துக்குள் வரவில்லை. இருபது கிலோமீட்டரையும் ஒரே சீராக ஓட்டி முடித்து, வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு என்னிடம் வந்து சொன்ன முதல் வாக்கியம்: "கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு மிஸ். தப்புக் கணக்குப் போட்டுட்டேன்."

எவ்வளவு மிச்சம் இருந்தது என்று கண்டுபிடிக்க அடுத்த சனிக்கிழமையே லூப் சாலைக்குப் போக வேண்டும் என்றான். ஓய்வு நாள் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கடுத்த சனிக்கிழமை ஐந்தரை மணிக்குப் பதினோரு பேர் நின்றார்கள். தலைக்கவசம் இன்னும் இரண்டுதான்.